கையடக்க கேம் கருவிகள் ஓய்ந்துவிட்டன: இனி நல்ல கண்ட்ரோலர் வாங்குவது எப்படி?

பிள்ளைக்கோ தமக்கோ கையடக்க கேம் கருவி ஒன்று வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, வீட்டில் ஏற்கெனவே எத்தனை திரைகள் இருக்கின்றன என்பதைத்தான். சிங்கப்பூரின் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில்கூட ஆளுக்கொரு கைப்பேசி, ஒரு மடிக்கணினி, வரவேற்பறையில் பெரிய தொலைக்காட்சி என்று ஐந்தாறு தேறிவிடும். ஆகவே திரைக்குப் பஞ்சமில்லை. விரலால் அழுத்தினால் அழுந்துகிற பட்டன்தான் வீட்டில் இல்லை. அப்படியென்றால் முன்னூறு, நானூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து இன்னொரு திரை வாங்குவதைவிட, இருக்கிற திரைக்குப் பொருத்தமான கண்ட்ரோலரை (கையில் பிடித்து ஆடும் பட்டன் கருவியை) வாங்குவதே பெரும்பாலோருக்குப் போதும் என்பது என் கட்சி. எதை, எந்த வரிசையில் பார்த்து வாங்குவது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: உயர்நிலைப் பள்ளியில் வாங்கச் சொன்ன கற்றல் கருவியை இந்தத் திரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் எதை ஓட்டலாம் என்று கட்டுப்படுத்தும் பள்ளியின் மேலாண்மைச் செயலி இருக்கும். பிள்ளையோடு வீண் சண்டைதான் மிஞ்சும்.

கையடக்கக் கருவிகளுக்கு என்ன ஆயிற்று?

நின்டெண்டோ 1989ல் கேம் பாயை வெளியிட்டது. அதுவும் அடுத்து வந்த கேம் பாய் கலரும் சேர்ந்து 118 மில்லியனுக்கு மேல் விற்றன. 2004ல் வந்த டிஎஸ் 154 மில்லியன் விற்றது. அதே ஆண்டு இறுதியில் ஜப்பானில் வெளிவந்த சோனியின் பிஎஸ்பியும் சுமார் 80 மில்லியன் விற்றது. ஒரே காலத்தில் இரண்டு கருவிகள் இப்படி விற்றது அதுதான் கடைசி.

2011ல் நின்டெண்டோவின் 3டிஎஸ் வந்தபோது நிலவரம் மாறியிருந்தது. அமெரிக்காவில் 249.99 டாலருக்கு இறக்கிய கருவியை அதே ஆண்டு ஆகஸ்டில் 169.99 டாலராகக் குறைக்க வேண்டியிருந்தது. கடைசியில் அது ஏறத்தாழ 76 மில்லியனில் நின்றது, டிஎஸ் விற்றதில் பாதிதான். சோனியின் வீட்டா இன்னும் மோசம். ஐந்து அங்குல ஓலெட் திரை, கட்டைவிரலால் எல்லாப் பக்கமும் சாய்க்கும் ஸ்டிக் இரண்டு என்று கருவி அருமையாக இருந்தது. ஆனால் வேறெதிலும் போட முடியாத சொந்த மெமரி கார்டை விலை கூட்டி விற்றார்கள். வீட்டாவின் உற்பத்தி 2019லும் 3டிஎஸ்ஸின் உற்பத்தி 2020லும் நின்றன.

2008 ஜூலையில் திறந்த ஆப் ஸ்டோரைத்தான் எல்லாரும் காரணமாகக் காட்டுவார்கள். இலவசமாகவும் ஓரிரு வெள்ளிக்கும் கேம் கிடைக்கும்போது, ஐம்பது அறுபது வெள்ளிக்கு ஒரு கேட்ரிட்ஜை யார் வாங்குவார்? அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறுபாதி, கேம் செய்யும் நிறுவனங்களின் தயாரிப்புச் செலவு. தொலைக்காட்சிக்கு ஒரு கேம், கையடக்கத்துக்கு இன்னொரு கேம் என்று இரண்டு குழுக்களை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. நின்டெண்டோ 2013லேயே தன் இரு வன்பொருள் பிரிவுகளையும் ஒன்றாக்கியது. அதன் விளைவாக கையிலும் தொலைக்காட்சியிலும் ஆடக்கூடிய ஸ்விட்ச் 2017 மார்ச் 3ஆம் தேதி வந்தது. இதை நான் கையடக்கக் கருவியின் வெற்றி என்று சொல்ல மாட்டேன். கையடக்கம் என்ற தனி வகையே அத்தோடு வீட்டுக் கன்சோலில் (தொலைக்காட்சியோடு இணைக்கும் கேம் கருவியில்) கரைந்துபோனது.

நம்பிக்கை வராவிட்டால் எடையைப் பாருங்கள். 3டிஎஸ் 235 கிராம், முதல் பிஎஸ்பி 280 கிராம். 2022ல் வந்த ஸ்டீம் டெக் 669 கிராம். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, இருபுறமும் மாட்டும் ஜாய்கான் கண்ட்ரோலர்களோடு சேர்த்து அரைக் கிலோவைத் தாண்டுகிறது. இவற்றைக் காற்சட்டைப் பையில் போட முடியாது, பை தனியாகத் தூக்க வேண்டும். பை தூக்குவது என்றாகிவிட்டால், கைப்பேசியோடு ஒரு கண்ட்ரோலரைத் தூக்கிப் போகலாமே!

படி 1: எந்தத் திரை என்று முடிவு செய்யுங்கள்

கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படி சீக்கிரம் முடிந்துவிடும். பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம்களுக்குச் சோனியின் டூயல்சென்ஸ் கண்ட்ரோலர் அல்லது சோனி உரிமம் பெற்ற கண்ட்ரோலர்தான் வேண்டும். பழைய பிஎஸ்4 கண்ட்ரோலரை இணைக்கலாம், ஆனால் அதில் பிஎஸ்4 கேம்களை மட்டுமே ஆட முடியும். எக்ஸ்பாக்ஸும் உரிமம் பெற்றவற்றைத்தான் ஏற்கும். ஸ்விட்ச் கொஞ்சம் தாராளம். 8பிட்டோ போன்ற வெளி நிறுவனக் கண்ட்ரோலர்கள் நன்றாகவே வேலை செய்கின்றன.

கணினிக்கு வாங்குபவருக்குத்தான் முழுச் சுதந்திரம். எக்ஸ்பாக்ஸ் அமைப்பில் வரும் எந்தக் கண்ட்ரோலரையும் விண்டோஸ் உடனே அடையாளம் காணும். ஸ்டீம் என்ற கணினி கேம் கடைச் செயலி வழியாக ஆடினால் டூயல்சென்ஸ், ஸ்விட்ச் ப்ரோ எல்லாம் ஓடும். ஒரு சின்னத் தொல்லை: நின்டெண்டோ கண்ட்ரோலர்களில் ஏ, பி பட்டன்கள் எக்ஸ்பாக்ஸில் இருப்பதற்கு நேர்மாறாக இருக்கும். ஸ்டீம் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.

கைப்பேசிக்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும். இரண்டு வகை உண்டு. ஒன்று, கைப்பேசியை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் வகை: பேக்போன் ஒன், ரேசர் கிஷி, கேம்சர் ஜி8 போன்றவை. (ரேசரை நிறுவியவர்களில் ஒருவரான டான் மின் லியாங் நம் ஊர்க்காரர். அதற்காக வாங்க வேண்டியதில்லை.) மற்றொன்று, சாதாரண கண்ட்ரோலரின் மேல் கிளிப் மாட்டி அதில் கைப்பேசியை நிறுத்தும் வகை.

கவ்வும் வகை கையில் நன்றாக உட்காரும். கைப்பேசியின் சார்ஜ் துளையில் நேராகச் செருகுவதால், பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதமும் இல்லை. ஆனால் வாங்குமுன் உங்கள் கைப்பேசியை உறையோடு எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள். தடித்த உறை போட்டிருந்தால் செருகி முழுதாக உள்ளே போகாது; அரைகுறையாகச் செருகி ஆடினால் துளைதான் கெடும். பின்பக்கக் கேமரா மேடு இடிக்கிறதா என்றும் பாருங்கள். ஐபோன் 15லிருந்து யுஎஸ்பி சி வந்துவிட்டது. கடையில் லைட்னிங் வகையைத் தள்ளுபடியில் காட்டினால், அடுத்த கைப்பேசிக்கு அது உதவாது என்பதை மனத்தில் வையுங்கள்.

கிளிப் வகை மலிவு. அதே கண்ட்ரோலரைக் கணினிக்கும் பயன்படுத்தலாம். இருநூறு கிராம் கைப்பேசி மேலே நிற்பதால் மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும். மேசையில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து ஆடுவது எவ்வளவோ மேல்.

அலுவலக நேரத்து வடகிழக்குப் பாதை ரயிலில் நின்றுகொண்டே போகிறவர்களுக்கு எந்தக் கண்ட்ரோலரும் வேண்டாம். ஒரு கை கம்பியில் இருக்கும்.

படி 2: ஆடப்போகும் கேம் கண்ட்ரோலரை ஏற்குமா?

கைப்பேசி கேம்களில் பலரும் ஏமாறும் இடம் இது. ஐஓஎஸ் 13 வந்த 2019லிருந்து எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கண்ட்ரோலர்களை ஐபோனில் நேராக இணைக்கலாம். ஆண்ட்ராய்டிலும் அப்படியே. ஆனால் கைப்பேசி ஏற்பது வேறு, கேம் ஏற்பது வேறு. கால் ஆஃப் டியூட்டி மொபைல், மைன்கிராஃப்ட், ஸ்டார்டியூ வேலி ஆகியவை ஏற்கும். மொபைல் லெஜண்ட்ஸ் தொடுதிரைக்கென்றே செய்யப்பட்டது. பையன் நாள் முழுக்க அதைத்தான் ஆடுகிறான் என்றால் கண்ட்ரோலர் வாங்கி அலமாரியில்தான் வைப்பீர்கள். திரையைத் தொடுவதுபோல் ஏமாற்றும் மேப்பிங் செயலிகள் உண்டு. போட்டி கேம்களில் அவற்றைப் பயன்படுத்தினால் கணக்கே முடக்கப்படலாம், தொடாதீர்கள்.

ஏற்கும் என்று உறுதியானதும், அந்த வகை கேமுக்கு எந்த உறுப்பு முக்கியம் என்று பாருங்கள். சண்டை கேம்கள், பழைய 2டி கேம்கள் என்றால் டி-பேட் (நான்கு திசைகளுக்குமான கூட்டல் குறி வடிவப் பட்டன்). கால்பந்தும் துப்பாக்கிச் சண்டையும் என்றால் ஸ்டிக். கார்ப் பந்தயம் என்றால் சுட்டுவிரலால் அழுத்தும் ட்ரிகர், அதுவும் அழுத்த அழுத்தக் கூடிக்கொண்டே போகும் அனலாக் ட்ரிகர். நின்டெண்டோவின் ஸ்விட்ச் ப்ரோ கண்ட்ரோலரில் அது கிடையாது. அதில் ட்ரிகர் ஒன்று அழுந்தும், இல்லையேல் அழுந்தாது. அதைக் கணினியில் இணைத்துக் கார் ஓட்டினால் ஆக்சிலரேட்டரை எப்போதும் முழுதாக மிதிப்பதுதான்.

படி 3: ஸ்டிக்கின் உள்ளே என்ன இருக்கிறது?

நேரம் குறைவாக இருந்தால் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். கண்ட்ரோலர்கள் பெரும்பாலும் சாவது ஸ்டிக்கில்தான்.

வழக்கமான ஸ்டிக்கில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். ஸ்டிக்கை அசைக்கும்போது உள்ளே ஒரு சின்ன உலோக நாக்கு கரிப்பூச்சுத் தடத்தின் மேல் உரசிக்கொண்டு போகும். எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து மின்தடை மாறும். அதைத்தான் கேம் படிக்கிறது. உரசுவது தேயும். தேய்ந்த பூச்சு தூளாகும். பிறகு நீங்கள் கையை எடுத்துவிட்டாலும் ஸ்டிக் நடுவில் நிற்பதாகக் கண்ட்ரோலருக்குத் தெரியாது. ஆட்டக்காரர் தானாக இடப்பக்கம் நடந்துகொண்டே இருப்பார். இதைத்தான் ட்ரிஃப்ட் என்கிறார்கள். ஸ்விட்சின் ஜாய்கானில் இது பெரிய தலைவலியாகி, அமெரிக்காவில் வழக்குகள் வரை போய், 2020ல் நின்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா மன்னிப்புக் கேட்டார்.

ஹால் சென்சார் ஸ்டிக்கில் உரசல் இல்லை. ஸ்டிக்கின் அடியில் காந்தம். அதன் புலம் எப்படி மாறுகிறது என்பதைச் சென்சார் தொடாமலேயே அளக்கும். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பல்ல, 1998ல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கண்ட்ரோலரிலேயே இருந்தது. டிஎம்ஆர் என்பது காந்தத்தையே வேறு முறையில் அளப்பது. மின்சாரம் குறைவாகக் குடிக்கும், அளவு நுணுக்கமாக இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், ஐம்பது வெள்ளி அளவில் விற்கும் 8பிட்டோ, கேம்சர் கண்ட்ரோலர்களில் ஹால் ஸ்டிக் இருக்கிறது. அதைவிட விலை கூடிய சாதாரண டூயல்சென்ஸிலும் சாதாரண எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரிலும் இல்லை. ஸ்விட்ச் 2இன் ஜாய்கானிலும் ஹால் இல்லை என்று நின்டெண்டோவே சொல்லிவிட்டது. கணினிக்கோ கைப்பேசிக்கோ வாங்குகிறவர் ஹால் அல்லது டிஎம்ஆர் இல்லாததை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பிஎஸ்5க்கு வாங்குபவருக்கு வேறு வழி குறைவு. விலை கூடிய டூயல்சென்ஸ் எட்ஜில் ஸ்டிக் பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பது ஓர் ஆறுதல்.

ஹால் என்று அட்டையில் போட்டிருந்தால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். காந்தம் தேயாது, ஆனால் ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பும் ஸ்பிரிங் தளரும். அளவுத் திருத்தம் சரியாகச் செய்யப்படாததும் வரும். அதனால்தான் படி 6இல் சொல்லும் சோதனை வேண்டும்.

படி 4: இணைப்பு, மின்கலம்

புளூடூத் எல்லாவற்றோடும் சேரும், தாமதம் சற்றுக் கூடுதல். 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யுஎஸ்பி துளையில் செருகும் குட்டி அலைவாங்கி) கணினிக்கு நல்லது. அடுத்தடுத்த வீடுகளின் வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கும் நம் புளோக்குகளில், டாங்கிளைக் கணினியின் பின்பக்கம் யுஎஸ்பி 3 துளைக்கு அருகே செருகினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். யுஎஸ்பி 3 அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ஒரு குட்டி நீட்டிப்பு வயரை வாங்கி டாங்கிளை மேசை மேல் வையுங்கள், சரியாகிவிடும். போட்டிக்கு ஆடுபவர் வயரைச் செருகிக்கொள்வதே உத்தமம்.

எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் இன்னும் ஏஏ பேட்டரி கேட்கிறது என்று பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். ரீசார்ஜ் ஆகும் ஏஏ நான்கு வாங்கி வைத்தால், இரண்டு கண்ட்ரோலரில், இரண்டு சார்ஜரில். உள்ளே ஒட்டிய லித்தியம் மின்கலம் சில ஆண்டுகளில் சோர்ந்துபோகும், மாற்றுவது சிரமம். சென்னைக்கோ திருச்சிக்கோ பறக்கும்போதும் ஏஏ உதவும். 2025 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் பவர் பேங்கைக் கையில் எடுத்துப்போகலாமே தவிர, பறக்கும்போது அதில் எதையும் சார்ஜ் செய்யக் கூடாது.

படி 5: எங்கே வாங்குவது?

தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் இருக்கிறது. கையில் பிடித்துப் பார்த்து வாங்க விரும்புகிறவர் அங்கேயோ ஃபூனானிலோ ஒரு சுற்று வரலாம். கேட்க வேண்டிய முதல் கேள்வி, லோக்கல் செட்டா எக்ஸ்போர்ட் செட்டா என்பது. எக்ஸ்போர்ட் செட் மலிவு, பொருளும் அசல்தான். ஆனால் இங்குள்ள அதிகாரபூர்வ விநியோகஸ்தர் உத்தரவாதம் தர மாட்டார். கடைக்காரர் தருவதுதான் உத்தரவாதம். மாடல் பெயரையும் உத்தரவாதக் காலத்தையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

பிடித்துப் பார்க்கும்போது கட்டைவிரலை வலது ஸ்டிக்கிலிருந்து நான்கு பட்டன்களுக்கும் நகர்த்துங்கள். பிடியைத் தளர்த்தாமல் எட்ட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கினால் பிள்ளையையும் கூட்டிப்போங்கள். பெரியவர் கைக்கு இதமான எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் அவனுக்குப் பெரிதாக இருக்கலாம்.

இணையத்தில் வாங்கினால் 11.11, 12.12 விற்பனை நாள்களில் விலை இறங்கும். ஆனால் 2023லிருந்து, வெளிநாட்டிலிருந்து வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் பொருள், சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு. கடைசித் திரையில் வரும் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். அசல் டூயல்சென்ஸ் பாதி விலைக்குக் கிடைத்தால் அது அசல் இல்லை. போலிகளைக் கண்டுபிடிக்க எளிய வழி, நிறுவனத்தின் செயலியில் இணைத்து ஃபர்ம்வேரை (கண்ட்ரோலருக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பிக்க முயல்வது. போலி பெரும்பாலும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

2012 செப்டம்பர் 1லிருந்து நடப்பிலுள்ள லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) இதற்கெல்லாம் பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப்பொருள் கேட்கலாம், அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது உண்டு. கரோசல் என்ற பழைய பொருள் விற்பனைச் செயலியில் தனியாள் ஒருவரிடம் வாங்கியதற்குக் கிடையாது. அங்கே வாங்கினால் புளோக்குக் கீழே சந்திக்கும்போதே அடுத்த படியில் சொல்வதைச் செய்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

படி 6: சோதனை

கைப்பேசியின் உலாவியில் கேம்பேட் சோதனைத் தளம் ஒன்றைத் திறந்து கண்ட்ரோலரை இணையுங்கள். ஸ்டிக்குகளின் நிலை எண்ணாகத் தெரியும்: நடுவில் 0, ஓரங்களில் 1, எதிர்ப்பக்கம் −1.

ஸ்டிக்கை ஓரம் வரை தள்ளிச் சட்டென்று விடுங்கள். மெதுவாகத் திருப்பி வைக்காதீர்கள்; விரலை எடுத்துவிட வேண்டும். எண் 0.05க்குள் வந்து நிற்க வேண்டும். மேல், கீழ், இடம், வலம், நான்கு மூலைகள் என எல்லாப் பக்கமும் இப்படிச் செய்யுங்கள். ஒரு பக்கத்திலிருந்து விட்டால் மட்டும் 0.12இல் நின்றுகொண்டால் அது தேயத் தொடங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே எண் நடுங்கிக்கொண்டிருந்தாலும் சந்தேகம்தான். அடுத்து ஸ்டிக்கை ஓரத்தோடு ஒட்டி மெல்ல வட்டமாகச் சுற்றுங்கள். மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு ஓரங்களிலும் எண் 1ஐயோ −1ஐயோ தொட வேண்டும்.

ட்ரிகரை மிக மெதுவாக அழுத்துங்கள். எண் படிப்படியாக ஏற வேண்டும், 0விலிருந்து தாவக் கூடாது. டி-பேடில் கீழ்ப்பக்கத்தை அழுத்தியபடி கட்டைவிரலை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டுங்கள். இடமோ வலமோ உடனே பதிவானால் சண்டை கேமுக்கு அது ஆகாது; கதை கேம்களுக்குப் பரவாயில்லை.

குறை சிறிதாக இருந்தால் கேம் அமைப்பில் டெட்ஜோனை (ஸ்டிக் நடுவில் சிறிது அசைந்தாலும் கேம் கண்டுகொள்ளாமல் விடும் அளவை) கொஞ்சம் கூட்டினால் மறைந்துவிடும். பழைய கண்ட்ரோலருக்கு அது நல்ல வைத்தியம். புதிதாக வாங்கியதற்கு அந்த வைத்தியம் வேண்டாம், திருப்பிக் கொடுங்கள்.

படி 7: நம் ஊர்ப் புழுக்கம்

சராசரி ஈரப்பதம் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊர் இது. மென்மையான ரப்பர் பூச்சுள்ள பிடி கடையில் இதமாக இருக்கும். சில ஆண்டுகளில் வெல்லப்பாகு தடவியதுபோல் பிசுபிசுக்கும். சொரசொரப்பாக வார்த்த வெறும் பிளாஸ்டிக் பிடியைத் தேர்ந்தெடுங்கள். ஆடி முடித்ததும் கைவியர்வையைத் துடைத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்தால் போதும். கேமராவுக்கு உலர்பெட்டி வைத்திருப்பவர் அதிலேயே ஓர் ஓரத்தில் வைக்கலாம்.

பழைய கருவி வீட்டில் இருந்தால்

பிஎஸ்பி, வீட்டா, 3டிஎஸ் இருந்தால் விற்காதீர்கள். அவற்றை எடுத்து ஆடுங்கள். 3டிஎஸ்ஸின் இணையக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது, அதில் புதிதாக எதையும் வாங்க முடியாது. வீட்டாவின் கடையை 2021ல் மூடப்போவதாக அறிவித்த சோனி, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. ஆனால் வீட்டாவிலிருந்தே கடனட்டையால் பணம் கட்ட முடியாது. கணினி வழியாகக் கணக்கில் பணம் ஏற்றிவிட்டு வாங்க வேண்டும். கேட்ரிட்ஜுகள் கரோசலில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான கேம்களோடு மெமரி கார்டு போட்டு விற்கும் புதுச் சீனக் கருவிகளும் அங்கே தென்படும். அந்தக் கார்டில் இருப்பது திருட்டு நகல். கருவியை மட்டும் வாங்கலாம்.

பல ஆண்டுகள் தொடாமல் கிடந்த பிஎஸ்பியைச் சார்ஜில் போடுமுன் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். மின்கலத்தை மேசையில் வைத்து விரலால் சுண்டினால் சுழல்கிறதென்றால் அது உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, குத்திப் பார்க்கக் கூடாது, குப்பைக் குழாயில் போடவே கூடாது. மின்கழிவு சேகரிப்பவரிடம் உப்பியது என்று சொல்லிக் கொடுங்கள். மாற்று மின்கலம் வாங்கினால் பாதி சார்ஜில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துச் சரிபாருங்கள்.